வங்கக் கடலில் மிச்சமிருக்கும் மூச்சு

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்தில் வரும்போது, புதுச்சத்திரம், பு.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்ததும் இரு பக்கமும் நெல் வயல்கள் விரிந்து கிடக்கும். கல்லூரிக்குப் பல ஆண்டுகளாக நான் போய்வரும் பாதை இது. ஒரு சம்பா பருவத்தில் என் பக்கத்து இருக்கையில் வயதான விவசாயி ஒருவர் வந்து அமர்ந்தார். நான் பௌதிகம் கற்பிப்பவன் என்று தெரிந்ததும், நெடுநாளாக மனத்தில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"ஏன் சார், போடற யூரியாவுல பாதிகூடப் பயிருக்குச் சேரலைன்னு ஆபீசருங்க சொல்றாங்களே, மிச்சம் எங்க போவுது?"

"பெரும்பகுதி காற்றில்தான் போகிறது, ஐயா" என்றேன்.

"காத்துல இருந்துதானே சார் யூரியாவே செய்யறாங்க?" என்று சிரித்தார் அவர்.

மாணவ நண்பர்களே, அந்தச் சிரிப்பில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அது இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கைகோத்துக்கொண்ட மூலக்கூறு. நெற்பயிரால் அந்தப் பிடியைப் பிரிக்க முடியாது. மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் தொழிற்சாலையில் அதைப் பிரித்து, அம்மோனியாவாக்கி, பிறகு யூரியாவாக்கி மூட்டை கட்டுகிறோம். 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுப் பிரித்த அணுக்களை, தண்ணீர் தேங்கிய வயலின் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் மறுபடியும் ஜோடி சேர்த்துக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

சரி, வயலுக்கு யூரியா போடுகிறோம். கடலுக்கு யார் போடுகிறார்கள்? கடலிலும் பயிர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிர்கள்தாம் கடலின் பயிர். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் வந்து இறங்கும் மத்தியும் சூரையும் அந்தப் பயிரை நேராகவோ சுற்றி வளைத்தோ தின்று வளர்ந்தவையே. அந்தப் பயிருக்கு உரம், கடல்நீரில் கரைந்திருக்கும் நைட்ரேட். வயலில் யூரியா காணாமற் போவதுபோலவே கடலில் நைட்ரேட்டும் காணாமற் போகிறது. எங்கே, எப்படி என்று தேடிப் போனவர்களுக்கு நம் வங்கக் கடல் ஒரு விசித்திரமான விடையை வைத்திருந்தது.

பிச்சாவரத்துச் சேறு

கடலுக்குள் போவதற்கு முன் பிச்சாவரத்தில் சற்று இறங்குவோம். படகில் போகும்போது துடுப்பு அடிச்சேற்றைக் கிளறினால் கரிய சேறு மேலே வரும். கூடவே அழுகிய முட்டை நாற்றம். (சிதம்பரத்திற்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரமும் இந்தச் சதுப்புக் காட்டைச் சேர்ந்ததுதான்.) வெண்கண்டல் மரத்தைச் சுற்றிப் பென்சில் நட்டாற்போல ஆயிரக்கணக்கான மூச்சு வேர்கள் மண்ணைவிட்டு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சேற்றுக்குள் ஆக்ஸிஜன் இல்லை. ஆகவே வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. வேருக்கு அந்த வசதி இருக்கிறது. பாக்டீரியா என்ன செய்யும்?

மூச்சு விடுதல் என்றால் என்ன என்று ஒரு பௌதிகக்காரனிடம் கேட்டால், எலக்ட்ரான்களை உயரத்திலிருந்து பள்ளத்தில் விழவைத்து, விழும்போது கிடைக்கும் ஆற்றலைப் பிடித்துக்கொள்வது என்பான். உணவில் உள்ள எலக்ட்ரான்கள் மேலே இருக்கின்றன. கீழே அவற்றை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். ஆக்ஸிஜன் வாங்கிக்கொண்டால் பள்ளம் மிக ஆழம். ஆற்றல் நிறையக் கிடைக்கும். ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டால் அடுத்து நைட்ரேட். பள்ளம் சற்றுத்தான் மேடு. ஆற்றலில் பெரிய குறைவு இல்லை. அதுவும் தீர்ந்தால் கடல்நீரில் உள்ள சல்பேட். அது மிகவும் மேடான பள்ளம், கிடைப்பது கொசுறுதான். சல்பேட்டை மூச்சாக்கும் பாக்டீரியாக்கள் வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான் அந்த முட்டை நாற்றம். எனவே பிச்சாவரத்தில் உங்கள் மூக்கே ஒரு கருவி. நாற்றம் அடித்தால், ஆக்ஸிஜன் பந்தி முடிந்து, நைட்ரேட் பந்தியும் முடிந்து, கடைசிப் பந்தி நடக்கிறது என்று பொருள்.

நமக்கு வேண்டியது அந்த நடுப் பந்தி. அங்கே பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்ஸிஜன் அணுக்களைப் படிப்படியாக உரிக்கின்றன. நைட்ரேட் நைட்ரைட் ஆகிறது. பிறகு நைட்ரிக் ஆக்ஸைடு, நைட்ரஸ் ஆக்ஸைடு. கடைசியில் வெறும் நைட்ரஜன் வாயு. உரம் காற்றாகிவிட்டது.

இதே வேலையைச் செய்யும் இரண்டாவது கூட்டமும் உண்டு. அம்மோனியத்திலிருந்து ஒரு நைட்ரஜன் அணுவையும் நைட்ரைட்டிலிருந்து ஒன்றையும் எடுத்து ஜோடி சேர்க்கும் பாக்டீரியாக்கள் அவை. 'அனாம்மாக்ஸ்' என்று அவற்றின் வேலைக்குப் பெயர். அவற்றின் கதையை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்த வினையில் ஆற்றல் கிடைக்கும் என்று கணக்குப் போட்ட ஆஸ்திரிய விஞ்ஞானி எங்கெல்பர்ட் புரோடா, அப்படியானால் இதைச் செய்து பிழைக்கும் உயிர் எங்கோ இருந்தாக வேண்டும் என்று 1977-இல் எழுதினார். அப்போது அப்படி ஒரு உயிரை யாரும் கண்டதில்லை. 1990-களில் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில், கழிவுநீர்த் தொட்டியில் அது அகப்பட்டது. 2003-இல் கருங்கடலின் நீரிலும் கண்டார்கள். காகிதக் கணக்கில் பிறந்து, சாக்கடையில் பிடிபட்டு, கடலில் வீடு கண்ட உயிர்!

நடுக்கடலின் நடு அடுக்கு

சேற்றில் ஆக்ஸிஜன் இல்லாதது வியப்பல்ல. திறந்த கடலில், அலை புரளும் நீருக்குக் கீழே, அது எப்படி இல்லாமற் போகும்?

கடலின் மேற்பரப்புக் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். மிதவை உயிர்கள் செத்து, குப்பையாகக் கீழே விழுகின்றன. விழும் வழியெல்லாம் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று ஆக்ஸிஜனைச் செலவழிக்கின்றன. மிக ஆழத்தில், துருவப் பகுதிகளில் மூழ்கிய குளிர்ந்த நீர் புது ஆக்ஸிஜனைக் கொண்டுவருகிறது. நடுவில் உள்ள அடுக்குக்கு மேலிருந்தும் வரவு குறைவு, கீழிருந்தும் குறைவு, செலவோ அதிகம். ஏறத்தாழ 100 மீட்டரிலிருந்து பல நூறு மீட்டர் ஆழம் வரை உள்ள இந்த அடுக்கை ஆக்ஸிஜன் குறைவு மண்டலம் என்கிறார்கள்.

வங்கக் கடலில் இன்னொரு காரணமும் சேர்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் நன்னீரைக் கொட்டுகின்றன; மழையும் அதிகம். நன்னீர் லேசானது. உப்பு நீரின்மேல் மூடி போட்டாற்போல் அது படிந்துவிடுகிறது. காற்று எவ்வளவு வீசினாலும் அந்த மூடியைக் கலக்கிக் கீழே ஆக்ஸிஜனைத் தள்ளுவது கடினம்.

உலகத்தில் இந்த மண்டலம் மிகக் கடுமையாக இருக்கும் இடங்கள் மூன்று: மெக்ஸிகோவை ஒட்டிய பசிபிக், பெரு நாட்டை ஒட்டிய பசிபிக், நமக்கு மேற்கே அரபிக் கடல். கடல்நீரின் மொத்தக் கன அளவில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான் இவை. ஆனால் கடல் இழக்கும் உரத்தில் மூன்றில் ஒரு பங்கு இத்தகைய மண்டலங்களில்தான் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அரபிக் கடலின் நிலைமை புதிதாகத் தெரிந்ததல்ல. 1933-34-இல் 'மபாஹிஸ்' என்ற எகிப்தியக் கப்பலில் சென்ற ஜான் மரே ஆய்வுக் குழுவினரே அங்கு நடு அடுக்கில் ஆக்ஸிஜன் குன்றியிருப்பதையும், அதே இடத்தில் நைட்ரைட் குவிந்திருப்பதையும் கண்டுவிட்டார்கள். நைட்ரைட் குவிவது நடுப் பந்தி நடக்கிறது என்பதற்கு அடையாளம். 1960-களில் நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வும், அதன் தொடர்ச்சியாக 1966-இல் தோன்றிய தேசியக் கடலியல் ஆய்வுக் கழகமும் இந்தப் படத்தை மேலும் தெளிவாக்கின.

வங்கக் கடல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. ஆக்ஸிஜனை அளந்தால் அங்கும் ஏறக்குறைய பூஜ்யம்தான் வந்தது. ஆனால் நைட்ரைட் குவியல் இல்லை. நைட்ரேட் பெரிய அளவில் காணாமற் போகவும் இல்லை. ஒரே நாட்டின் இரு பக்கமும் இரண்டு கடல்கள். இரண்டிலும் ஆக்ஸிஜன் இல்லை. ஒன்று உரத்தை இழக்கிறது, மற்றொன்று இழக்கவில்லை. ஏன்?

பூஜ்யத்தை அளப்பது எப்படி?

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கடல் உயிரியல் படிக்க வரும் எந்த மாணவரும் முதலில் பழகும் சோதனைகளில் ஒன்று, ஹங்கேரி நாட்டு விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறை. நீரைக் குப்பியில் பிடித்து, மாங்கனீஸ் உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்தால், கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் பழுப்பு நிற வீழ்படிவாக மாட்டிக்கொள்ளும். அமிலம் விட்டால் அதற்குச் சமமான அயோடின் வெளிவரும். அதைத் தயோசல்பேட்டால் தரம் பார்த்தால் கணக்கு முடிந்தது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் இதை அசைக்க ஆளில்லை. அவ்வளவு நல்ல முறை.

ஆனால் ஆக்ஸிஜன் மிகமிகக் குறைவாக இருக்கும்போது இந்த முறை தடுமாறுகிறது. நாம் சேர்க்கும் கரைசல்களிலேயே சிறிது ஆக்ஸிஜன் கரைந்திருக்கிறது. ஆழத்திலிருந்து நீரைக் கொண்டுவரும் பிளாஸ்டிக் குழாயின் சுவரிலிருந்தும் சிறிது கசிகிறது. குப்பியில் ஊற்றும்போது காற்று பட்டால் கேட்கவே வேண்டாம். கடைசியில் கிடைக்கும் சிறு எண் கடலுடையதா, கப்பலின் மேல்தளக் காற்றுடையதா என்று யார் சொல்வது?

இது உங்களுக்குப் பழக்கமான தொல்லைதான். பௌதிக ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் என்ன செய்யச் சொல்கிறோம்? இரு முகங்களையும் தொடவைத்து, எண் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்கிறோம். அதுதான் சுழிப்பிழை. பாதிப் பேர் அதைப் பார்க்காமலே கம்பியின் விட்டத்தை எழுதிக்கொண்டு வருவார்கள். நான் தாளைத் திருப்பிக் கொடுப்பேன். கம்பி தடிமனாக இருந்தால் சுழிப்பிழையால் பெரிய மோசம் வராது. கம்பி தலைமுடியாக இருந்தால்?

ஆக்ஸிஜனை மின்னோட்டமாக மாற்றி அளக்கும் மின்வாயை அமெரிக்கர் லேலண்ட் கிளார்க் 1956-இல் வெளியிட்டார். அவர் அளக்க விரும்பியது இரத்தத்தை. அந்த மின்வாயிலும், ஆக்ஸிஜன் அறவே இல்லாதபோதும் ஒரு சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அது வெப்பத்தோடும் அழுத்தத்தோடும் மாறும். கரையில் பூஜ்யத்தைச் சரிசெய்து கடலுக்குள் இறக்கினால், 300 மீட்டர் ஆழத்தில் பூஜ்யம் வேறு இடத்திற்கு நகர்ந்திருக்கும்.

டென்மார்க்கின் நீல்ஸ் பீட்டர் ரெவ்ஸ்பெக் இதற்கு ஒரு வழி கண்டார். மின்வாய்க்கு முன்னால் இன்னொரு மின்வாயைக் காவல்காரன்போல நிறுத்தினார். காவல்காரனுக்கு மின்சாரம் கொடுத்தால், வரும் ஆக்ஸிஜன் முழுவதையும் அவனே விழுங்கிவிடுவான். உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் வராது. அப்போது உள்ளே ஓடும் மின்னோட்டம்தான் அந்த ஆழத்தின், அந்த வெப்பத்தின், அந்த நேரத்தின் சுழிப்பிழை. காவல்காரனை நிறுத்திவிட்டால் ஆக்ஸிஜன் உள்ளே வரும். இரண்டையும் கழித்தால் கடலின் உண்மையான எண். சற்றைக்கொரு முறை காவல்காரனை ஓட்டியும் நிறுத்தியும் இதைச் செய்துகொண்டே இருக்கலாம். 2009-இல் இக்கருவியைக் கொண்டு ஆக்ஸிஜன் குறைவு மண்டலங்களை அளந்த முடிவுகள் வெளியாயின. 'ஸ்டாக்ஸ்' என்ற இக்கருவி, ஒரு லிட்டர் நீரில் சில நானோமோல் அளவு ஆக்ஸிஜனைக்கூடக் காட்டிவிடும். ஒரு நானோமோல் என்பது ஒரு மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு.

2014: சாகர் கன்யா

2014 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 'சாகர் கன்யா' என்ற நமது ஆராய்ச்சிக் கப்பல் இக்கருவியோடு வங்கக் கடலில் சென்றது. கோவாவின் நக்வி உள்ளிட்ட நம் ஆய்வாளர்களும், டென்மார்க், ஜெர்மனி முதலிய நாடுகளின் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த வேலை இது. லாரா பிரிஸ்டோவை முதல் ஆசிரியராகக் கொண்ட அதன் முடிவுகள் 2017-இல் 'நேச்சர் ஜியோசயன்ஸ்' இதழில் வெளிவந்தன.

பூஜ்யம் பூஜ்யமாக இல்லை! நடு அடுக்கில் லிட்டருக்கு 10 முதல் 200 நானோமோல் வரை ஆக்ஸிஜன் மிச்சமிருந்தது. மேற்பரப்பு நீரில் ஏறக்குறைய 2 இலட்சம் நானோமோல் இருக்கிறது என்பதை நினைத்தால் அளவு புரியும். ஆயிரத்தில் ஒன்று, சில இடங்களில் இருபதாயிரத்தில் ஒன்று. விங்க்ளர் குப்பியில் இது பூஜ்யத்திலிருந்து வேறாகத் தெரியாது.

அப்படியானால் நைட்ரஜனை விரட்டும் பாக்டீரியாக்கள் வங்கக் கடலில் இல்லையா? அதையும் பார்த்தார்கள். அவர்கள் செய்த சோதனை, அணுவின் நிறையைப் பற்றி நீங்கள் பத்தாம் வகுப்பில் படிப்பதை அப்படியே பயன்படுத்துவது. சாதாரண நைட்ரஜனின் நிறை எண் 14. ஆயிரம் அணுக்களில் ஏறக்குறைய நான்கு மட்டும் 15. இந்த 15-ஆம் எண் நைட்ரஜனால் செய்த நைட்ரைட்டைக் கடல்நீரில் கலந்து, காற்றுப் படாமல் மூடி வைத்தார்கள். அனாம்மாக்ஸ் பாக்டீரியா வேலை செய்தால், கலந்த நைட்ரைட்டிலிருந்து 15-ஐயும் கடல்நீரின் அம்மோனியத்திலிருந்து 14-ஐயும் சேர்க்கும். வரும் வாயுவின் நிறை 29. நைட்ரேட்டை மூச்சாக்கும் கூட்டம் வேலை செய்தால் இரண்டு அணுவும் நைட்ரைட்டிலிருந்தே வரும், நிறை 30. காற்றின் நைட்ரஜனோ பெரும்பாலும் 28. நிறை நிறமாலைமானியில் 29, 30 எங்கே எழுகின்றன என்று பார்த்தால் போதும். எந்தக் கூட்டம், எவ்வளவு வேகத்தில் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

இருந்தார்கள்! ஆட்கள் எல்லாம் தயாராக இருந்தார்கள். மரபணுக்களும் இருந்தன. வாயுவும் வந்தது, ஆனால் மிக மெதுவாக. காரணம், அவர்களுக்குத் தீனியாக வேண்டிய நைட்ரைட் கிடைக்கவில்லை. நைட்ரைட் தோன்றுகிறது, தோன்றியவுடனே வேறொரு பாக்டீரியாக் கூட்டம் அதைப் பிடித்து, அந்தச் சொற்ப ஆக்ஸிஜனைக் கொண்டு மறுபடியும் நைட்ரேட் ஆக்கிவிடுகிறது. இருபதாயிரத்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் போதும் அதற்கு. வங்கக் கடலின் உரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அவ்வளவுதான்.

பேருந்தில் கேள்வி கேட்ட பெரியவரின் வயல் இங்கே எனக்கு நினைவுக்கு வருகிறது. 2015 முதல் நம் நாட்டு யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயம். வேம்பு, அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை மந்தப்படுத்துகிறது. விரட்டும் கூட்டத்தை அது ஒன்றும் செய்வதில்லை. அவர்களுக்குத் தீனி போகாமல் பார்த்துக்கொள்கிறது. கடலில் தீனியைத் திருப்பி எடுப்பது ஆக்ஸிஜன். வயலில் தீனியை முதலிலேயே தடுப்பது வேம்பு. வழி வேறு, அடைக்கும் வாய்க்கால் ஒன்றே.

அது தீர்ந்துவிட்டால்?

அந்த மிச்ச ஆக்ஸிஜனும் தீர்ந்தால் நைட்ரைட் குவியும். காத்திருக்கும் கூட்டம் முழு வேகத்தில் இறங்கும். வங்கக் கடலும் அரபிக் கடலைப்போல உரத்தை இழக்கத் தொடங்கும் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. கடலின் உரம் குறைந்தால் மிதவைப் பயிர் குறையும். பயிர் குறைந்தால் மீன் குறையும். உரிக்கும் வேலையில் நடுவழியில் நழுவும் நைட்ரஸ் ஆக்ஸைடு வேறு இருக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது அது. ஓசோன் படலத்தையும் அரிக்கக்கூடியது.

தீர்வதற்கு வழிகள் உண்டு. கடல் வெப்பமானால் நீரில் ஆக்ஸிஜன் கரைவது குறையும். மேல் மூடியும் இன்னும் இறுகும். வயலில் பயிர் எடுக்காத உரத்தில் ஒரு பகுதி வடிகாலில் இறங்கி, ஆறுகள் வழியே கடலுக்குப் போகிறது. அது மிதவைப் பயிரைச் செழிக்கவைக்கும். அந்தப் பயிரின் குப்பை கீழே போய் ஆக்ஸிஜனைத் தின்னும். உரம் அதிகமாகி உரம் இழப்பது என்ற வேடிக்கை இது.

பயமுறுத்துவது என் நோக்கமல்ல. கடலுக்குச் சாதகமானவையும் உண்டு. ஆறுகள் கொண்டுவரும் களிமண் துகள்கள் இறந்த உயிர்களின் குப்பையோடு ஒட்டிக்கொண்டு, கல் கட்டினாற்போல அதை வேகமாக ஆழத்திற்கு இழுத்துச் செல்கின்றன. நடு அடுக்கில் அது தங்கி ஆக்ஸிஜனைத் தின்ன நேரம் குறைகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் மெல்லச் சுழலும் நீர்ச் சுழல்கள் மேலே உள்ள ஆக்ஸிஜனை அவ்வப்போது நடு அடுக்கிற்குள் இறக்கிவிடுகின்றன. வரவும் செலவும் இப்போதைக்குச் சரிக்குச் சரியாக நிற்கின்றன. இருப்பு மட்டும் மிகச் சொற்பம். மாதக் கடைசியில் சம்பளக்காரர் வீட்டு நிலைமை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இருப்பைக் கவனிக்க வங்கக் கடலில் இப்போது ஆர்கோ மிதவைகள் சில ஆக்ஸிஜன் உணர்விகளோடு திரிகின்றன. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஓட்டத்தோடு மிதந்து, பத்து நாளுக்கு ஒரு முறை மேலே வரும் வழியெல்லாம் அளந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்குபவை. ஆனால் அவற்றில் உள்ள வழக்கமான உணர்விகளுக்கு 10 நானோமோலும் பூஜ்யமும் ஒன்றுதான். அந்த வித்தியாசத்தைப் பார்க்க, காவல்காரன் வைத்த கருவியை எடுத்துக்கொண்டு கப்பலில்தான் போகவேண்டியிருக்கிறது.